வெயில் வருமுன் பத்து வாரம்: பாலைவனப் பண்ணைவீட்டில் வசந்தம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தென்பகுதியில், டூசான் நகரைச் சுற்றிக் கிடக்கும் சொனோரன் பாலைவனத்தில், வசந்தம் பிப்ரவரி நடுவில் எட்டிப்பார்க்கும். ஏப்ரல் முடிவதற்குள் கிளம்பிவிடும். மொத்தம் பத்து வாரம். அங்கே இரண்டு மூன்று ஏக்கர் நிலமும் சின்ன வீடும் நாலு பழமரமும் சில கோழிகளும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, வருடத்தின் முக்கியமான வேலைகள் எல்லாம் இந்தப் பத்து வாரத்துக்குள்தான் வந்து குவியும். வருடத்தின் பெரிய சந்தோஷங்களும் இதே நாட்களில்தான். ஏன் இப்படி என்பது பிடிபட்டுவிட்டால், எந்த வேலையை எப்போது செய்வது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐந்து பருவக் கணக்கு

புதிதாக வருகிறவர்கள் நான்கு பருவக் கணக்கோடு வருவார்கள். பாலைவனத்தை அறிந்தவர்கள் ஐந்து சொல்வார்கள்: குளிர்காலம், வசந்தம், மழையில்லாத முன்கோடை, பருவமழைக் கோடை, இலையுதிர்காலம். மழை வருடத்தில் இரண்டு தடவை வரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசிபிக் கடல் பக்கமிருந்து வருவது மெதுவாக நின்று பெய்யும், மண்ணுக்குள் இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் வருவது புழுதியும் இடியுமாக வந்து கொட்டிவிட்டுப் போகும். இரண்டும் சேர்ந்தே டூசானில் வருடத்துக்குச் சுமார் 270 மில்லிமீட்டர்தான். வடக்கே ஃபீனிக்ஸ் நகரில் இன்னும் குறைவு.

இந்த இரண்டு மழைக்கும் நடுவில் இருப்பதுதான் முன்கோடை. மே, ஜூன் மாதங்களில் பெரும்பாலும் ஒரு சொட்டு விழாது. ஜூனில் பகல் வெயில் சராசரியாக 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் நாட்களும் உண்டு. ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்திருக்கும். செடிகளும் கோழிகளும் மனிதர்களும் தாக்குப்பிடிக்க வேண்டிய காலம் இதுதான். குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்காலத்துக்கு விறகு அடுக்குவதைப் போல, பாலைவனத்துக்காரர்கள் வசந்தத்தில் முன்கோடைக்கான தண்ணீரையும் நிழலையும் சேர்த்து வைக்கிறார்கள். மற்ற ஊர்களில் வசந்த வேலை என்றால் வளர்க்கும் வேலை. இங்கே அதில் பாதிக்கு மேல் காப்பாற்றும் வேலை.

அமெரிக்க மேற்கின் வறண்ட நிலத்தில் இப்படிச் சிறு குடியிருப்புகள் வந்ததற்குச் சட்டங்களும் ஒரு காரணம். 1877-ஆம் ஆண்டின் பாலைநிலச் சட்டம், நிலத்துக்குப் பாசனம் கொண்டுவருகிறவர்களுக்கு ஏக்கர் ஒன்றுக்கு முன்பணமாக 25 சென்ட், முடிவில் 1 டாலர் என்று அரசு நிலத்தை விற்றது. 1938-இல் வந்த சிறுநிலச் சட்டம் ஆளுக்கு 5 ஏக்கர் வரை கொடுத்தது. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒற்றை அறைக் குடில்கள் வரிசையாக எழும்பியது அதனால்தான். அவற்றில் பல இன்று கூரையில்லாமல் நிற்கின்றன. நிலம் கொடுப்பதற்குச் சட்டம் போதுமாக இருந்தது; தண்ணீர் கொடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

முதல் கேள்வி: பனி போய்விட்டதா?

டூசானில் கடைசி உறைபனி வழக்கமாக மார்ச் நடுப்பகுதி வாக்கில் வரும். பள்ளத்தில் இருக்கும் நிலத்தில் இன்னும் இரண்டு வாரம் தள்ளிக்கூட வரலாம், ஏனென்றால் குளிர்ந்த காற்று இரவில் தாழ்ந்த இடம் தேடி வடியும். பிப்ரவரி மாதத்து இதமான வெயிலைப் பார்த்துவிட்டுத் தக்காளி நாற்றை நட்டுவிடுகிறவர்கள் ஒரே இரவில் அத்தனையையும் இழப்பதுண்டு. உள்ளூர்ப் பெரியவர்கள் காலண்டரைவிட மெஸ்கீட் மரத்தை நம்புவார்கள். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. ஆனால் அந்த மண்ணுக்கே சொந்தமானது, அங்கே அதற்கு நல்ல பெயர். மற்ற மரங்கள் துளிர்த்த பிறகும் அது மொட்டையாகவே நிற்கும். அது பச்சை விட்டால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் போர்த்திய பனித்துணியை மடித்து உள்ளே வைக்கலாம்.

தக்காளிக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் போனால் பூ உதிரும், காய் பிடிக்காது. பனி போன நாளுக்கும் அந்த வெப்பம் வரும் நாளுக்கும் இடையில் ஒரு செடி வேர்விட்டுப் பூத்துக் காய் பிடித்தாக வேண்டும். ஆகவே சீக்கிரம் காய்க்கும் சிறுகாய் ரகமே புத்திசாலித்தனம். பெரிய பழத்துக்கு ஆசைப்பட்டு நீண்டகால ரகத்தை மார்ச் கடைசியில் நடுவது, இலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவதாகத்தான் முடியும். வெண்டை, தட்டப்பயறு, முலாம்பழம், சர்க்கரைவள்ளி போன்றவை வெயிலை விரும்புகிறவை. மண் சூடேறிய பிறகு ஏப்ரலில் அவற்றை நிதானமாகப் போடலாம். குளிர்காலத்துக் கீரையும் கொத்தமல்லியும் அந்த நேரம் தண்டு நீட்டிப் பூத்திருக்கும். பிடுங்கி எறியாமல் விதைக்கு விடுங்கள். வெயிலில் தன்னாலே காய்ந்துவிடும்.

தண்ணீர்: எங்கே, எவ்வளவு ஆழம்

தோட்டக்கலைப் புத்தகங்கள் மேட்டுப்பாத்தி போடச் சொல்லும். மழை நிறைய பெய்யும் ஊருக்கு அது சரி, தேங்கிய தண்ணீர் வடிய வேண்டும். பாலைவனத்தில் மேட்டுப்பாத்தி நாலு பக்கமும் காற்றும் வெயிலும் பட்டு உலர்ந்துபோகும். இங்கே வேண்டியது பள்ளப்பாத்தி. சுற்றுத் தரையைவிட ஒரு சாண் தாழ்த்தி வெட்டி, எடுத்த மண்ணையே வரப்பாகக் கட்டினால், விழுகிற ஒவ்வொரு துளியும் செடியின் காலடிக்கே ஓடிவரும். வரப்பின் நிழல் இளநாற்றுக்குக் கிடைக்கும். காற்று மேலே கடந்துபோகும். நியூ மெக்சிகோவின் பூர்வகுடிகளான ஜூனி மக்கள் சிறுசிறு சதுரக் குழிகளை வரப்புகளால் பிரித்துப் பயிர் செய்தது இதே தத்துவத்தில்தான். சொனோரன் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓஓதம் மக்கள் காட்டோடை விரிந்து சமவெளியில் இறங்கும் இடத்தையே வயலாக்கி, பருவமழை வெள்ளத்தைப் பயிருக்குத் திருப்பினார்கள். தண்ணீரைத் தேடிப் போவதைவிட அது வந்து நிற்கும் இடத்தைத் தயார் செய்வது மேல் என்பது அவர்கள் கணக்கு. புதியவர்கள் முதலில் கற்க வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெட்டும்போது கடப்பாரை 'ணங்' என்று நின்றால் கலீச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்பு இறுகி உருவான வெளிர்நிற அடுக்கு அது. சில இடத்தில் ஒரு விரல் கனம், சில இடத்தில் மீட்டர் கணக்கு. குழியில் தண்ணீர் நிரப்பி வைத்து ஒரு நாளில் வடியாவிட்டால் அந்த இடத்தில் மரம் வைக்காதீர்கள், அல்லது கலீச்சியைத் துளைத்து அடியில் வடிகால் வையுங்கள்.

மரங்களுக்கான வட்டப்பாத்தியை வசந்தம்தோறும் அகலப்படுத்த வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளையின் நிழல் விழும் ஓரத்திலும் அதற்கு வெளியிலும்தான் இருக்கும். அடிமரத்தில் ஊற்றினால் பட்டை அழுகுவதுதான் மிச்சம். பாத்திக்குள் ஒரு சாண் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் மரச்சீவலோ உலர்ந்த இலையோ மூடாக்காகப் போட்டு, அடிமரத்தைச் சுற்றி மட்டும் கையகலம் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு அரிசோனாவில் ஒரு எளிய விதி புழங்குகிறது: ஒன்று, இரண்டு, மூன்று. காய்கறி போன்ற சிறு செடிகளுக்கு ஓரடி ஆழம், புதர்களுக்கு இரண்டடி, மரங்களுக்கு மூன்றடி நனைய வேண்டும். தினமும் கொஞ்சம் தெளித்தால் மேல் நாலு அங்குலம் மட்டும் நனையும். வேரும் அங்கேயே தங்கும். ஜூன் மாதம் அந்த நாலு அங்குலம் அடுப்புச் சட்டியாகிவிடும். உப்பும் ஒரு பிரச்சினை. டூசானின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து நீண்ட கால்வாய் வழியாக வருவது, உப்பு கலந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். மேலாகத் தெளிக்கத் தெளிக்க உப்பு வேர்ப்பகுதியிலேயே பூத்துச் சேரும். இலை நுனி பழுப்பாகக் கருகுவது பல நேரம் தாகத்தால் அல்ல, உப்பால்தான். அரிதாக, ஆனால் ஆழமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நீளமான இரும்புக்கம்பி போதும். தண்ணீர் விட்ட மறுநாள் மண்ணில் அழுத்துங்கள். ஈரமுள்ள வரை வெண்ணெயில் இறங்குவதைப் போலப் போகும். உலர்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். நின்ற இடத்தில் விரலை வைத்து வெளியே எடுத்து அளந்தால், உங்கள் பாசனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். இந்தக் கம்பி சொல்வதை எந்த டைமரும் சொல்லாது.

சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மார்ச்சில் கடைமூடியைத் திறந்து சேற்றுத் தண்ணீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும். உப்புப் படிந்து அடைத்த சொட்டுவான்களை வினிகரில் ஊறப்போட்டால் பல திறந்துகொள்ளும். மெருகேற்றாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவைப்பது இன்னும் எளிது. பானை கசியும் வேகத்தை மண்ணின் வறட்சியே தீர்மானிக்கும்.

மழைத்தொட்டிக் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை இருந்தால் டூசான் மழையில் வருடத்துக்குச் சுமார் 27,000 லிட்டர்; சேதாரம் போகத்தான் மிச்சம். கடைசிக் குளிர்கால மழைக்கு முன்பே தாழ்வாரத் தகட்டைச் சுத்தம் செய்து, தொட்டியின் வலையில் ஓட்டை இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி, இடைவெளி இருந்தால் கொசு. துணி துவைத்த தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் மரத்துக்குத் திருப்பலாம். நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் ஒரு நாளைக்கு 400 கேலன், அதாவது ஏறக்குறைய 1,500 லிட்டருக்குக் கீழே, தனி அனுமதி இல்லாமலே வீடுகளுக்கு அரிசோனா அனுமதிக்கிறது. சமையலறைத் தொட்டித் தண்ணீர் அதில் சேராது.

நிழலும் குளிர்ச்சியும்

நிழல்வலைக்கான கம்பங்களை ஏப்ரலிலேயே நட்டுவிட வேண்டும். மே மாத வெயிலில் குழி தோண்டுவது உடம்புக்கு ஆகாது. காய்கறிக்கு 30 முதல் 50 சதவீதம் வெயிலைத் தடுக்கும் வலை போதும். மேற்குப் பக்கம் கட்டாயம் மூடுங்கள், செடியை வாட்டுவது பிற்பகல் வெயில்தான். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் கிளை கழித்து அடிமரம் வெளியே தெரிந்தால் வெள்ளை பூச வேண்டும். இல்லாவிட்டால் பட்டை வெயிலில் வெடிக்கும். கள்ளிச்செடியை இடம் மாற்ற இது நல்ல காலம். எடுப்பதற்கு முன் தெற்கே பார்த்திருக்கும் பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, புதிய இடத்திலும் அந்தப் பக்கமே தெற்கு பார்க்கும்படி நடுங்கள். நிழலில் வளர்ந்த பக்கம் திடீரென்று தெற்கு வெயிலுக்குத் திரும்பினால் கள்ளியும் வெந்துபோகும்.

பல வீடுகளின் கூரைமேல் பெரிய ஏர் கூலர் ஒன்று உட்கார்ந்திருக்கும். நனைந்த பட்டைகள் வழியாக விசிறி வெளிக்காற்றை இழுக்கும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி, ஆகவே முன்கோடை அதற்கு ஏற்ற காலம். ஏப்ரலில் உறையைக் கழற்றி, அடித்தட்டில் படிந்த உப்பைச் சுரண்டி, பட்டைகளை மாற்றி, பம்பையும் மிதவை வால்வையும் சோதித்து, பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். ஓடும்போது ஏதாவது ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். உள்ளே வந்த காற்று வெளியேறாவிட்டால் வீடு புழுங்கும். ஜூலையில் பருவமழை ஈரம் வந்ததும் இதன் பலம் குறைந்துவிடும். அதன் கழிவுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் எலுமிச்சை மரத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கோழிகளுக்கும் இதே கதைதான்: நிழல், காற்றோட்டம், ஒன்றுக்கு இரண்டாகத் தண்ணீர்த் தொட்டி. குஞ்சு வாங்குவதானால் மார்ச்சிலேயே வாங்கினால் ஜூனுக்குள் தேறிவிடும்.

புல்லும் பாம்பும்

குளிர்கால மழையில் முளைத்த பசும்புல் ஏப்ரல் கடைசியில் வைக்கோலாகிவிடும். வீட்டைச் சுற்றி 10 மீட்டருக்காவது அதை வெட்டி அகற்றுவது தீத்தடுப்பு வேலை, தள்ளிப்போடக் கூடாது. மோசமான எதிரி கொழுக்கட்டைப் புல். நம் மேய்ச்சல் நிலத்தில் நல்ல தீவனமான அதே புல்லைக் கால்நடைக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். சொனோரன் பாலைவனச் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை, அதனால் தீ தாவ வழியில்லை. இந்தப் புல் அந்த இடைவெளிகளை நிரப்பித் தீக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. சவாரோ கள்ளிக்குத் தீயைத் தாங்கும் சக்தி கிடையாது. தூரோடு கடப்பாரையால் பெயர்த்து, விதைக்கதிரைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். வலிக்கும் வேலை, ஆனால் அந்த நிலத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவென்றே சொல்வேன்.

மார்ச்சில் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெளியே வரத் தொடங்கும். விறகுக் குவியலிலும் தகட்டுக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். தேனீக்கூட்டம் கிளையில் கொத்தாகத் தொங்கினால் ஓரிரு நாளில் பெரும்பாலும் தானே கிளம்பிவிடும். சுவருக்குள் கூடு கட்டத் தொடங்கினால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கூட்டமாகத் துரத்திக் கொட்டும் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ 1993-லிருந்து அரிசோனாவில் இருக்கிறது.

பூவும் மொட்டும்

மார்ச்சில் எலுமிச்சைப் பூ மணத்தில் முற்றம் நிறையும். ஒகோட்டியோ என்ற முள்புதரின் குச்சி நுனிகளில் செந்நிறப் பூக்கள் வந்ததும் ஹம்மிங் பறவைகள் வரும். ஏப்ரலில் பாலோ வெர்டே மரங்கள் இலைகூடத் தெரியாமல் மஞ்சளாகும், தரையும் மஞ்சளாகும். மலைச்சரிவில் பாப்பி பூத்துக் கிடந்தால், அது போன இலையுதிர்காலத்திலும் குளிரிலும் நேரத்துக்குப் பெய்த மழையின் பலன். அந்த விதையை வசந்தத்தில் தூவிப் பயனில்லை, அக்டோபரில் தூவ வேண்டும். காடைகள் குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு பாத்திக்கு வரும். நாற்றைக் கொத்தும்தான், ஆனாலும் விரட்ட மனம் வராது.

இந்தப் பருவத்தின் சாப்பாட்டுச் சந்தோஷம் சோய்யா கள்ளியின் மொட்டு. தொஹோனோ ஓஓதம் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏப்ரல் வாக்கில் பறிக்கிறார்கள். பூ விரிவதற்கு முன், மொட்டு இறுக்கமாக மூடியிருக்கும்போது இடுக்கியால் திருகி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நீண்ட முள்ளும், கண்ணுக்குத் தெரியாத பொடிமுள்ளும் இருக்கும். கம்பிவலைச் சல்லடையில் பொடிக்கற்களோடு போட்டு உருட்டினால் முள் உதிர்ந்து கீழே விழும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மிச்சமிருந்தால் மறுபடி உருட்ட வேண்டும். பிறகு குழி அடுப்பில் ஒரு இரவு சுடுவார்கள், அல்லது வேகவைப்பார்கள். அஸ்பாரகஸ் போன்ற லேசான புளிப்புள்ள சுவை. கால்சியம் நிறைந்தது. காயவைத்தால் கல்லாகச் சுருங்கிப் பல காலம் கெடாது. உங்கள் நிலத்தில் இருந்தால் பறியுங்கள். அடுத்தவர் நிலத்திலும் பூங்காவிலும் அனுமதி வேண்டும். செடிக்குப் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் சவாரோ பூக்கத் தொடங்கும். அரிசோனாவின் மாநிலப் பூ அது. கள்ளியின் உச்சியில் வெள்ளைப் பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. இரவில் வௌவால், பகலில் தேனீயும் வெள்ளைச்சிறகுப் புறாவும் வந்து மகரந்தம் கடத்தும். சவாரோ உள்ள நிலத்தில் அந்த மூன்று நான்கு வாரமும் அதிகாலையில் வெளியே நாற்காலி போடுவது நியாயமான வேலை.

சவாரோ பழுக்கும்போது ஜூன் வந்திருக்கும். கையிலிருக்கும் தெப்பரி பயறு விதையை மட்டும் பருவமழை வரும்வரை மண்ணில் போடாதீர்கள். வறட்சியைத் தாங்கும் பயறு என்று சொல்லக் கேட்டு ஏப்ரலில் விதைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பருவமழையில் முளைத்து, அந்த ஒரு ஈரத்தில் வேரை ஆழமாக இறக்கிக் காய்த்து முடிப்பதுதான் அதன் வழி. வானிலை நிலையம் பருவமழைக் காலத்தை ஜூன் 15 முதல் கணக்கிடுகிறது. உண்மையான மழை ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். முதல் நல்ல மழையில் பள்ளப்பாத்தி ஓரடி ஆழம் நனைந்ததா என்று கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு விதையைப் போடுங்கள்.